அம்மாவின் நிறம்: ஒரு ஆயில் போர்ட்ரெய்ட் வேலைக் குறிப்பு

மதுரையில் எனக்கு வரும் ஆயில் போர்ட்ரெய்ட் ஆர்டர்களில் பெரும்பாலானவை இறந்துபோனவர்களுக்கானவை. அப்பாவோ அம்மாவோ போன பிறகுதான் வீட்டில் உருப்படியாக ஒரு படம்கூட இல்லையே என்று பிள்ளைகளுக்கு உறைக்கிறது. ஆதார் கார்டு படம், கல்யாண ஆல்பத்தில் மூன்றாவது வரிசையில் தெரியும் ஒரு தலை, இப்படிக் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வருவார்கள். இந்தப் பதிவு அப்படி வந்த ஒரு அம்மாவின் படத்தைப் பற்றியது. என்னிடம் படிக்கிற பிள்ளைகள் அடிக்கடி கேட்பது மாநிறத்தையும் கருப்பு நிறத்தையும் எப்படிக் கலப்பது என்றுதான், அதனால் இந்த வேலையை ஆரம்பத்திலிருந்தே குறித்து வைத்தேன்.

வந்தவர்கள் அண்ணனும் தங்கையும். அம்மா மேலூர்ப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில் சத்துணவு சமைத்தவர். 1982இல் திட்டம் தொடங்கிய காலத்திலேயே வேலைக்குச் சேர்ந்து, ஓய்வு பெறுகிறவரை அதே அடுப்படியில் நின்று இரண்டு பேரையும் படிக்க வைத்தவர். அவர்கள் கொண்டுவந்த படம் பதினாறாம் நாள் காரியத்துக்காக ஸ்டுடியோவில் பெரிதாக்கியது. முகத்தைக் கோதுமை நிறத்துக்கு வெளுத்து, கன்னத்துச் சுருக்கத்தை எல்லாம் வழித்து எடுத்து, பின்னால் ஒரு நீலத் திரையைப் போட்டிருந்தார்கள். அண்ணன் சொன்னார், "அண்ணே, இதை அப்படியே பெருசா போட்டுக் குடுங்க. கொஞ்சம் கலராவே இருக்கட்டும், ஹால்ல மாட்டப் போறோம்."

கலராக இருக்கட்டும் என்று கேட்காத வீடே குறைவு. எனக்கு இதில் கோபம் வருவதில்லை, அம்மா அழகாகத் தெரிய வேண்டும் என்ற பாசத்தில்தான் கேட்கிறார்கள். ஆனால் அதைச் செய்தால் படத்துக்கு என்ன ஆகும் என்பதைத் தொழில்ரீதியாகவே சொல்லிவிடுவேன். ஒரு கருத்த முகத்தில் நெற்றியிலும் மூக்கு நுனியிலும் கன்ன எலும்பிலும் விழும் வெளிச்சத்துக்கும், மற்ற இடத்துத் தோலுக்கும் நடுவே பெரிய இடைவெளி உண்டு. அந்த இடைவெளிதான் எலும்பின் வடிவத்தைக் காட்டுகிறது. முகத்தை மொத்தமாக இரண்டு படி ஏற்றி வெளுத்தால் இடைவெளி சுருங்கிவிடும், கன்ன எலும்பு காணாமல் போகும், கண்குழி மேலேறிவிடும். அப்புறம் ஜாடை வரவே வராது. வெளுத்த படத்தைப் பார்த்து "எங்கம்மா மாதிரியே இல்லையே" என்று சொல்கிறவர்களுக்கு எது தொலைந்தது என்று தெரிவதில்லை, தொலைந்தது நிறத்தோடு சேர்ந்து இருந்த எலும்பு.

டச்சப் செய்யாத படம் வேறு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். தங்கை செல்போனில் தேடி எடுத்தார். கொல்லைப்படியில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருக்கும்போது எடுத்தது. இடது பக்கமிருந்து வானத்து வெளிச்சம், ஃபிளாஷ் இல்லை, கேமரா இருப்பதே தெரியாத முகம். அதுதான் எனக்குப் போதும். செல்போன் படத்தில் நிறத்தை நம்ப முடியாது, ஒவ்வொரு போனும் தோலை ஒவ்வொரு விதமாகத் திருத்துகிறது. அதனால் தங்கையையே என் ஜன்னலோரம் உட்கார வைத்து, ஒரு சின்ன அட்டையில் நெற்றி, கன்னம், தாடை நிழல், உதடு என்று நாலைந்து இடத்து நிறத்தை மட்டும் திட்டுத்திட்டாகக் குறித்துக்கொண்டேன். "அம்மா என்னைவிட இன்னும் கொஞ்சம் கருப்புண்ணே" என்றார். அதையும் அட்டையின் ஓரத்தில் எழுதி வைத்தேன்.

அளவு 24க்கு 30 அங்குலம். சட்டத்தை எப்போதும் செய்து தரும் ஆசாரியிடமே கொடுத்தேன். கேன்வாஸை இழுத்துக் கட்டும் ஸ்ட்ரெச்சர் சட்டத்தில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான், துணி உட்காரும் பக்கத்தில் வெளி விளிம்பு மட்டும் கொஞ்சம் உயர்ந்து, உள்பக்கம் சரிவாக இழைத்திருக்க வேண்டும். தட்டையாக விட்டால் நாளாவட்டத்தில் சட்டத்தின் உள்விளிம்பு கேன்வாஸில் கோடாக எழும்பித் தெரியும், பிறகு அதைப் போக்கவே முடியாது. துணியை நடுவிலிருந்து ஆரம்பித்து எதிரெதிர்ப் பக்கமாக ஸ்டேப்ளர் அடித்துக்கொண்டே மூலைக்குப் போக வேண்டும். மூலையில் ஆரம்பித்தால் நடுவில் தொய்வு விழும். அதன்மேல் பெயின்ட் பிடிப்பதற்கான வெள்ளை அடிப்பூச்சான அக்ரிலிக் ஜெஸ்ஸோ மூன்று கோட், ஒவ்வொன்றும் காய்ந்ததும் மெல்லிய உப்புத்தாளால் ஒரு தேய்ப்பு. அக்ரிலிக்குக்கு மேல் ஆயில் போடலாம், ஆயிலுக்கு மேல் அக்ரிலிக் பிடிக்காது, உரிந்துவிடும். இதைப் புதிதாகப் படிக்க வருகிறவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவேன்.

வெள்ளைக் கேன்வாஸில் நேராக ஆரம்பிப்பதில்லை. கருத்த தோலை வெள்ளைத் தரையில் போட்டால் முதல் தீற்றலே தேவைக்கு மேல் கருப்பாகத் தெரியும். உடனே கை பயந்துபோய் வெள்ளையைத் தேடும். ரா அம்பர் என்ற பழுப்போடு கொஞ்சம் யெல்லோ ஓக்கர் என்ற மண் மஞ்சள் கலந்து, டர்பன்டைனில் நன்றாகக் கரைத்து முழுவதும் தேய்த்துத் துணியால் துடைத்துவிட்டேன். தரை நடுத்தரமான ஒரு மண் நிறத்துக்கு வந்துவிட்டால், அதைவிட வெளிச்சமானது எது, இருண்டது எது என்று இரண்டு பக்கமும் அளந்துகொண்டு போகலாம்.

வரைவதற்குக் கட்டம் போட்டேன். சின்ன வயதில் நான் வேலை பழகியது சினிமா பேனர் வரைகிற இடத்தில். கையகல ஸ்டில்லில் கட்டம் போட்டு, அதையே இருபதடி உயரத்துக்கு ஏற்றுவோம். ஃபிளெக்ஸ் வந்ததும் அந்தத் தொழில் போய்விட்டது, ஆனால் அங்கே கற்ற இரண்டு விஷயம் இன்றுவரை எனக்குச் சோறு போடுகிறது. ஒன்று இந்தக் கட்டம். இன்னொன்று, முகத்தில் எந்த நிறத்தையும் போடுகிற துணிச்சல். பேனர் மாஸ்டர்கள் கன்னத்தில் ரோஸும் தாடையில் பச்சையும் நெற்றியோரம் நீலமும் அப்படியே தட்டையாக இழுத்துவிட்டுப் போவார்கள், பக்கத்தில் நின்று பார்த்தால் ஒன்றும் புரியாது, தெருவுக்கு எதிர்ப்பக்கம் போய்ப் பார்த்தால் ரத்தமும் சதையுமாக ஒரு முகம் இருக்கும்.

அடித்தளத்தை பர்ன்ட் அம்பர் என்ற அடர் பழுப்பில் மட்டும் முடித்தேன். நிறத்தைப் பற்றி யோசிக்காமல் வெளிச்சத்தையும் நிழலையும் மட்டும் தீர்த்துக்கொள்ளும் நிலை இது. டர்பன்டைன் மட்டும்தான், எண்ணெய் சேர்க்கவில்லை. கீழ் அடுக்கில் எண்ணெய் குறைவாகவும் மேலே போகப் போகக் கூடுதலாகவும் இருக்க வேண்டும். ஆயில் பெயின்ட் ஈரம் வற்றிக் காய்வதில்லை, எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது. எண்ணெய் அதிகமுள்ள அடுக்கு கீழே மெதுவாக இறுகிக்கொண்டிருக்கும்போது மேல் அடுக்கு முந்திக் காய்ந்துவிட்டால் வெடிப்பு விடும். பர்ன்ட் அம்பரில் மாங்கனீஸ் இருப்பதால் அது சீக்கிரம் காயும், சித்திரை வெயிலில் இன்னும் சீக்கிரம். இந்த வேலைக்கு அது வசதி.

இப்போது நிறம். என் பேலட்டில் இருந்தவை: யெல்லோ ஓக்கர், பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு, காட்மியம் ஆரஞ்சு, அலிசரின் கிரிம்சன் என்ற அடர் சிவப்பு, அல்ட்ராமரின் நீலம், டைட்டானியம் வெள்ளை. கருப்பு டியூப் கிடையாது. தோலின் நிழலுக்குக் கருப்பைச் சேர்த்தால் நிறம் செத்துப்போய்ச் சாம்பல் தட்டும், அதைவிட பர்ன்ட் சியன்னாவும் அல்ட்ராமரினும் சேர்ந்தால் உயிருள்ள ஒரு கருமை வரும். சியன்னாவைக் கூட்டினால் சூடாகும், நீலத்தைக் கூட்டினால் குளிரும். முகத்தின் நிழல் முழுவதையும் இந்த இரண்டையும் கொஞ்சம் அலிசரினையும் வைத்தே முடித்தேன், ஒரு துளி வெள்ளைகூட இல்லாமல். அலிசரின் வாங்கும்போது டியூபில் பிக்மென்ட் எண்ணை, அதாவது உள்ளே இருக்கும் நிறப்பொடியின் குறியீட்டைப் பாருங்கள். பி.ஆர். 83 என்று இருந்தால் வெளிச்சத்தில் காலப்போக்கில் வெளுத்துவிடும், 'பெர்மனென்ட்' என்று வேறு பிக்மென்டில் வருவதை வாங்குங்கள். தலைமுறைக்கு மாட்டப்போகிற படத்தில் உதட்டுச் சிவப்பு முதலில் போய்விடக் கூடாது.

அந்த அம்மாவின் உண்மையான நிறம் நிழலிலும் இல்லை, பளபளப்பிலும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் இருந்தது. கன்னம் திரும்பி வெளிச்சத்தை விட்டு விலகத் தொடங்குகிற இடத்தில்தான் தோல் தன் முழு நிறத்தைக் காட்டும். அங்கே பர்ன்ட் சியன்னா, ஓக்கர், துளி அலிசரின். வெளிச்சமான பகுதிக்கு ஏற வேண்டுமென்றால் உடனே வெள்ளைக்குப் போகாதீர்கள், வெள்ளை நிறத்தை ஏற்றுகிற அதே நேரத்தில் குளிர வைத்துச் சுண்ணாம்பு பூசியது போலாக்கிவிடும். முதலில் ஓக்கர், பிறகு ஒரு நகக்கண் அளவு ஆரஞ்சு, அதற்கும் மேல் தேவைப்பட்டால்தான் வெள்ளை. மினுக்கத்துக்கு மட்டும் கதை மாறும். கருத்த தோலில் விழும் மினுக்கம் தோலின் நிறத்தைக் காட்டாது, வெளிச்சத்தின் நிறத்தைத்தான் திருப்பித் தரும். கொல்லைப்படியில் விழுந்தது வானத்து வெளிச்சம் என்பதால் நெற்றியிலும் மூக்கிலும் இருந்தது ஒரு நீலச் சாம்பல், கிட்டத்தட்ட கத்தரிப்பூ நிறம். வெள்ளையில் துளி அல்ட்ராமரினும் அதைவிடக் குறைவாக அலிசரினும் கலந்து, பிரஷை அழுத்தாமல் ஒரே இழுப்பில் வைத்துவிட்டு விலகினேன். அந்த ஒரு இழுப்பு விழுந்ததும் முகம் முன்னால் வந்தது. இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த கணம் அதுதான், எத்தனை படம் போட்டாலும் அந்தச் சந்தோஷம் குறைந்ததில்லை.

இன்னும் சில இடங்கள் உண்டு. கண்ணைச் சுற்றி ஊதா கலந்த பழுப்பு. உதடு சிவப்பில்லை, நாவல்பழம் தின்ற சாயல், கீழுதட்டின் நடுவில் மட்டும் லேசாக ரோஸ். கண்ணின் வெள்ளையை ஒருநாளும் வெள்ளையாகப் போடக் கூடாது, வயதானவர்களுக்கு அது மஞ்சள் சாம்பல். தாடைக்கு அடியில் புடவையின் அரக்கு நிறம் எதிரொளித்துக்கொண்டிருந்தது, அதை விட்டால் தலையும் உடம்பும் தனித்தனியாக நிற்கும். கைகளுக்கு முகத்தைவிட அதிக நேரம் எடுத்தேன். விரல் முட்டிகள் கருத்து, உள்ளங்கை வெளுத்து ரோஸாக, நகக்கண் இன்னும் ஒரு நிறமாக இருந்தன. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சோறு போட்ட கை அது, மழுப்பிவிட எனக்கு மனம் வரவில்லை. தங்கை கேட்டதால் பூண்டை அப்படியே வைத்தேன், மடியில் முறத்தோடு.

இந்த மண் நிறங்களை எங்கே பார்த்துப் படிப்பது என்று பிள்ளைகள் கேட்டால் நான் முதலில் காட்டுவது தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் கால ஓவியங்களின் அச்சுப் படங்களை. கருவறையைச் சுற்றியுள்ள உட்பாதையில் நாயக்கர் காலத்து ஓவிய அடுக்குக்குக் கீழே மறைந்திருந்தவை. 1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்து சொன்ன பிறகுதான் உலகத்துக்கே தெரிந்தன. சுந்தரர் கயிலைக்குப் போகும் காட்சியிலும் ஆடும் பெண்களிலும் எத்தனை விதமான பழுப்பு இருக்கிறது என்று பாருங்கள். காவிக்கல், மஞ்சள் மண், சுண்ணாம்பு, கரி என்று நம் காலடியில் கிடப்பதை வைத்தே தோலைத் தோலாகக் காட்டியிருக்கிறார்கள். அடுத்து, ஸ்பெயின் ஓவியர் வெலாஸ்கஸ் 1650இல் ரோமில் வரைந்த ஹுவான் டி பரேஹாவின் போர்ட்ரெய்ட், இப்போது நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியத்தில் இருக்கிறது. பரேஹா அவரிடம் அடிமையாக இருந்து வேலை செய்தவர், பின்னாளில் தானே ஓவியரானவர். நெற்றியில் வெளிச்சம் விழும் இடத்தையும், அது பழுப்புக்குள் இறங்கும் இடத்தையும் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அந்த மனிதரின் நிமிர்வு முழுக்க அந்த நிறத்துக்குள்தான் இருக்கிறது.

படம் காய்ந்துகொண்டிருந்த நாட்களில் ஞாயிறு வகுப்பில் இதையே பாடமாக்கினேன். பத்து வயதுப் பிள்ளைகளிடம் "உன்னை வரை" என்றால் கை தானாக ஸ்கின் கலர் என்று கடையில் விற்கும் அந்த ரோஸ் கலந்த கிரேயானுக்குப் போகிறது, எந்த நிறத்துப் பிள்ளையாக இருந்தாலும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கஷ்டப்படும். அதனால் கிரேயானை எடுத்து வைத்துவிட்டு, ஒவ்வொருவருக்கும் கண்ணாடி போன்ற ஒரு பிளாஸ்டிக் ஷீட் துண்டும் நாலு போஸ்டர் கலரும் கொடுத்தேன்: ஓக்கர், பர்ன்ட் சியன்னா, கிரிம்சன், அல்ட்ராமரின். கூடவே சின்னதாகக் கொஞ்சம் வெள்ளை. கலந்த நிறத்தை ஷீட்டின் மேல் தடவி, ஷீட்டைத் தன் முன்கை மேல் வைத்துப் பார்க்க வேண்டும். நிறம் கையோடு சேர்ந்து மறைகிறவரை திருத்திக்கொண்டே போக வேண்டும். ஆரம்பத்தில் எல்லோருக்கும் மஞ்சள் கூடிப்போகும், அப்புறம் சிவப்பு. நீலம் சேர்த்தால் தோலாகும் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஒரு சிறுமி துளி நீலம் சேர்த்ததும் ஷீட்டில் இருந்த திட்டு அவள் கைமேலேயே காணாமல் போனது. "சார், எங்கிட்ட நீலம் இருக்கு" என்று கத்தினாள். அப்புறம் எல்லோரும் பக்கத்தில் இருப்பவரின் கையைப் பிடித்து அவரவர் நீலத்தைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள். வகுப்பு நடத்துகிறவர்கள் இந்தப் பயிற்சியைத் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய செலவு இல்லை, பெரியவர்களுக்கும் பொருந்தும்.

முகம் ஓரளவு வந்ததும் அண்ணனையும் தங்கையையும் கூப்பிட்டேன். தங்கை பேசவே இல்லை, படத்துக்கு எதிரே உட்கார்ந்துவிட்டார். அண்ணன் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "அம்மாதாண்ணே. ஆனா கொஞ்சம் டல்லா இருக்கே" என்றார். அவர் சொன்னது நியாயம். ஆனால் டல்லாக இருந்தது முகமில்லை, பின்னணி. அப்போது பின்னால் ஒரு வெளிர் சுவர் நிறத்தைப் போட்டு வைத்திருந்தேன். வெளிச்சமான நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறமும் இருண்டு தெரியும், இருட்டுக்குப் பக்கத்தில் அதே நிறம் ஒளிரும். பிரான்ஸில் கோப்லின் நெசவாலையில் சாயப் பகுதியைக் கவனித்த செவ்ரல், 1839இல் வெளியிட்ட தன் ஆய்வில் இதைத்தான் விளக்கினார். நூலின் சாயம் மங்கல் என்று புகார் வந்தபோது, சாயத்தில் குறையில்லை, பக்கத்தில் வைத்த நிறம்தான் காரணம் என்று கண்டுபிடித்தவர் அவர். நான் அண்ணன் கண் முன்னாலேயே கரும்பச்சையில் ஒரு துண்டு அட்டையை நிறமடித்து முகத்துக்குப் பின்னால் பிடித்துக் காட்டினேன். முகத்தில் ஒரு புள்ளிகூட மாறவில்லை, ஆனால் கன்னம் விளக்கேற்றியது போல எழுந்தது. "இப்ப நல்லாருக்கு" என்றார். பின்னணியை அடர்ந்த பச்சைக்கு மாற்றினேன், கொல்லையில் இருந்த வாழையின் நிழல் என்று வைத்துக்கொள்ளலாம். மரகதப் பச்சையில் மீனாட்சியைக் கும்பிடுகிற ஊர்க்காரருக்கு அந்தப் பச்சை உடனே பிடித்தும் போயிற்று.

நடுவில் ஒரு வாரம் இதைத் தொடவில்லை. ஒரு தனியார் பள்ளியில் சுற்றுச்சுவருக்குப் படம் போடும் வேலை, அது முடியாமல் மாத வாடகை வராது. சுவர் வேலையில் வெயிலில் நின்றுவிட்டு வந்து மாலையில் கேன்வாஸ் தாங்கியான ஈசல் முன்னால் நின்றால் கண் நிறத்தைச் சரியாகப் பார்ப்பதில்லை. அதனால் தோல் நிறம் வைக்கும் வேலையைக் காலை ஏழிலிருந்து பத்து, பத்தரை வரைக்கும்தான் வைத்துக்கொள்வேன், வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில். இரவில் செய்தே ஆக வேண்டுமென்றால் பல்பின் சி.ஆர்.ஐ. (நிறத்தை எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்ற அளவு) 90க்கு மேல் இருக்கிறதா என்று அட்டையைப் பார்த்து வாங்குங்கள். சாதாரண எல்.இ.டி.யில் பல நேரம் சிவப்பு சரியாகத் தெரியாது, பழுப்புகள் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும்.

திரும்பி வந்து பார்த்தபோது தலைமுடியும் புடவையின் நிழலும் பூத்துப்போய் மங்கலாக இருந்தன. அம்பர் போட்ட இடங்களில் இது சகஜம், கீழ் அடுக்கு மேலுள்ள எண்ணெயை உறிஞ்சிவிடும். அதன்மேல் நிறத்தை ஒப்பிட்டு வேலை செய்ய முடியாது. லின்சீட் ஆயிலும் (ஆளிவிதை எண்ணெய்) டர்பன்டைனும் சரிபாதி கலந்து மெல்லிய துணியால் அந்த இடத்தில் மட்டும் தடவி, சிறிது நேரம் விட்டு, மிச்சத்தைத் துடைத்து எடுத்தேன். கருமை பழைய ஆழத்துக்குத் திரும்பியது. அந்தத் துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போடாதீர்கள். லின்சீட் ஊறிய துணி காய்கிறபோது சூடாகும், குவியலாகக் கிடந்தால் தானாகவே தீப்பிடிக்கும். நான் மூடி போட்ட டப்பாவில் தண்ணீருக்குள் போட்டுவிடுவேன், பிள்ளைகள் வந்து போகிற இடம் என்பதால் இதில் மட்டும் யாருக்கும் விலக்கு இல்லை.

கடைசியாக வெள்ளிச் சரிகைபோல நாலு நரைமுடி, மூக்குத்தியில் ஒரு புள்ளி, அதோடு நிறுத்திக்கொண்டேன். கூலி விஷயத்தில் என் வழக்கம், சட்டம் கட்டும் முன்பே பாதி, எடுத்துப் போகும்போது மீதி. நிறத்தை வெளுத்துத் தர மாட்டேன் என்பதையும் அட்வான்ஸ் வாங்கும் முன்பே சொல்லிவிடுவதால் பின்னால் பேச்சு வருவதில்லை. இதனால் சில ஆர்டர்கள் போயிருக்கின்றன, போகட்டும்.

இப்போதைக்கு ரீடச் வார்னிஷ் என்ற தற்காலிக வார்னிஷ் மெல்லிசாக ஒரு கோட் மட்டும் அடித்துக் கொடுத்திருக்கிறேன். நேர் வெயில் படாத சுவரில் மாட்ட வேண்டும், பூஜை அறை விளக்குப் புகைக்குப் பக்கத்தில் வேண்டாம். மழைக்காலத்தில் சுவர் ஓதம் ஏறாமல் இருக்கச் சட்டத்தின் பின்மூலைகளில் கார்க் துண்டு ஒட்டிவிட்டேன், காற்றுப் போக ஒரு விரல் இடைவெளி கிடைக்கும். ஈரத்துணியால் துடைக்கக் கூடாது, காய்ந்த மெல்லிய பிரஷால் தூசி தட்டினால் போதும். முழு வார்னிஷுக்கு ஆறு மாதமாவது போக வேண்டும். அது ஐப்பசி மழையில் வந்து விழும் என்பதால் தை மாதம் படத்தைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.